நம்பர் சொல்லாத கிளார்க்கம்மா

எங்கள் பள்ளிக்கூடத்து கிளார்க்கம்மா யாருடைய நம்பரையும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. பி.எஃப். நம்பர், சர்வீஸ் புத்தக நம்பர், பரீட்சை நம்பர், எதுவானாலும் சரி. உரியவர் வந்து கேட்டால் துண்டுக் காகிதத்தில் எழுதி, அவர் கண்ணுக்கு நேராக நீட்டுவார். அவர் படித்து முடித்ததும் காகிதத்தை வாங்கி நாலாகக் கிழித்து முந்தானையில் முடிந்துகொள்வார். குப்பைக் கூடையில் போடமாட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போடுவார் என்று கேள்வி.

"கணேசனைக் கணேசான்னு கூப்பிடு. நம்பரைச் சொல்லிக் கூப்பிடறது ஜெயில்லதான்" என்பது அவர் பேச்சு. நான் அங்கே லேப் அட்டெண்டர். எட்டாவதோடு நின்றவன். கடையில் சாமான் கட்டிக் கொடுக்கும் காகிதத்தை விடாமல் படித்துப் படித்தே எழுத்தோடு பழக்கம் வைத்துக்கொண்டவன். படிப்பு கம்மி, பேச்சு ஜாஸ்தி. மற்றவர் சொல்வதைப் பொறுக்கி வைத்துக்கொண்டு நாலு இடத்தில் எடுத்துவிடுவதில் எனக்கு ஒரு ஆனந்தம். கிளார்க்கம்மா சொன்னதைத்தான் அதிகம் எடுத்துவிட்டிருப்பேன்.

அப்போது திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆகவில்லை. எல்லாக் காகிதமும் வேலூருக்குப் போய்த்தான் திரும்பவேண்டும். ஹெட்மாஸ்டர் அறையில் இருந்த ஒரே டெலிபோனில் வேலூர் ஆபீஸிலிருந்து கூப்பிட்டு, இன்ன டீச்சர் நம்பர் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். கிளார்க்கம்மா போனை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "கடுதாசியில அனுப்பிடறேங்க" என்பார். அந்தப் பக்கம் கத்துவது எங்களுக்கே கேட்கும். "அவசரம்னு தெரியுதுங்க. இங்க பத்துப் பேர் நிக்கறாங்க. கடுதாசியில அனுப்பிடறேங்க." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி டைப்ரைட்டரின் உறையை எடுப்பார்.

சம்பளத்தன்று இன்னும் வேடிக்கை. ரிஜிஸ்டரில் ஒரே பக்கத்தில் எல்லார் பேரும், நம்பரும், பிடித்தமும் வரிசையாக இருக்கும். ஒருவர் கையெழுத்துப் போடும்போது மற்றவர் கணக்கு தெரியும். கிளார்க்கம்மா பழைய காலண்டர் அட்டையில் ஒரு வரி அகலத்துக்கு பிளேடால் கீறி ஜன்னல் வைத்திருந்தார். அட்டையைப் பக்கத்தின்மேல் வைத்து நகர்த்தி, உங்கள் வரி மட்டும் தெரியும்படி நிறுத்துவார். அட்டையின் இரண்டு ஓரத்தையும் இரண்டு கையால் அழுத்திக்கொள்வார்.

கணக்கு சார் ஒவ்வொரு மாதமும் கேட்பார். "ஏம்மா, திரை போட்டு அலங்காரமா நடக்குது உள்ளே?"

"ஆமாங்க சார். தீபாராதனை ஆனதும் திறக்கறேன். கையெழுத்தப் போடுங்க."

கணக்கு சாருக்குக் கிளார்க்கம்மாமேல் ஒரு கோபம் உண்டு. அதற்குக் காரணம் சாருடைய தூரத்து உறவில் நடந்த ஒரு பெண் பார்க்கும் விஷயம். எங்கள் பள்ளியில் ஒரு தையல் டீச்சர். அவரை மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுப் போனார்கள். பெண்ணின் வயதில் அவர்களுக்குச் சந்தேகம். டீச்சரின் நம்பர் மட்டும் கிடைத்தால் போதும், வேலூர் ஆபீஸில் இருக்கிற அவர்கள் ஆள் ஃபைலைப் பிரித்துப் பார்த்துவிடுவார். பிறந்த தேதி, முன்னால் எங்கே வேலை பார்த்தார், எத்தனை நாள் மெடிக்கல் லீவு, என்ன வியாதி, எல்லாம் அதில் இருக்கும். மாப்பிள்ளையின் மாமா நேராக ஆபீஸ் ரூமுக்கே வந்துவிட்டார், கணக்கு சாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு.

"ஒரு நம்பர்தானேம்மா. நல்ல காரியத்துக்குத்தானே கேக்கறாங்க" என்றார் கணக்கு சார்.

"நல்ல காரியம்னா பொண்ணையே கேளுங்க சார். வாய் இருக்குது அதுக்கு."

"அது உள்ளதைச் சொல்லுமா?"

"சொல்லாதுன்னு தோணிச்சுன்னா கல்யாணம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, வந்தவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மாமா தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனவர்தான். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. தையல் டீச்சர் அதற்காக அவரிடம் வருத்தப்பட்டாரா, நன்றி சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கிளார்க்கம்மா அதைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை.

அவர் நயினார் வீட்டுப் பெண்மணி. வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். சமணர்களுக்கே உரிய கட்டுப்பாடு எல்லாம் உண்டு. வெங்காயம், உருளைக்கிழங்கு தொடமாட்டார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். ஆபீஸில் வேலை இழுத்துவிட்ட நாட்களில், மலைமேல் வெயில் மஞ்சளாகும்போது பின்பக்கத்து வேப்பமரத்தடிக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடுவார். பத்து நிமிஷம். இருட்டிவிட்டால் அன்று பட்டினிதான். "சூரியன் எனக்காக ஓவர்டைம் பாக்குமா?" என்பார்.

ஒருநாள் கேட்டேன். "உங்களுக்கு ஏம்மா நம்பர்னா இவ்வளவு பயம்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் அப்பா ஊரில் கொஞ்சம் செல்வாக்கானவர். பெண் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினாள் என்ற பெருமையில் பரீட்சை நம்பரை ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். ரிசல்ட் வந்த அன்று, பாஸானவர்கள் நம்பர் மட்டும் போட்ட பேப்பர் போஸ்ட் ஆபீஸுக்கு வந்தது. அங்கே முப்பது பேர் நின்று தேடினார்கள். நம்பர் இல்லை. "நான் கொல்லையில துணி துவைச்சுக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் தெரிஞ்சுபோச்சு, எனக்குத்தான் கடைசியாத் தெரியும். மூணாவது வீட்டு அத்தை வந்து என் தலையைத் தடவினாங்க. எதுக்குத் தடவறாங்கன்னு அவங்க முகத்தைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிட்டேன். செப்டம்பர்ல எழுதிப் பாஸ் பண்ணிட்டேன். அது யாருக்கும் ஞாபகமில்ல."

அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார். "பேப்பர்ல அவ்வளவு நம்பர் போடறாங்களே, அதுல ஒரு தர்மம் இருக்குது. யாருதுன்னு தெரியாதவரைக்கும் எந்த நம்பருக்கும் அவமானமில்ல."

இதை நான் டீக்கடையில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சொன்னேனே ஒழிய, கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் பள்ளியில் குடிதண்ணீர்ப் பானைகளை நிரப்பி வைக்க ஒரு அம்மா இருந்தார். பிள்ளைகளுக்கு அவர் தண்ணியம்மா. எங்களுக்கும் அதே பெயர்தான். அடி அண்ணாமலையிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். முப்பத்தைந்து வயதிருக்கும். காலை ஏழரைக்குக் கிணற்றடியில் நின்றால் பத்து மணிக்குள் இருபது பானை நிரப்பவேண்டும். இடுப்பு விட்டுப்போய், குடத்தை இறக்கும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்வார். வீட்டுக்காரர் மலை சுற்றும் பாதையில் சோடாக்கடை வைத்திருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள்.

எண்பதுகளின் ஆரம்பம். எங்கள் ரெக்கார்ட் கிளார்க் அடுத்த வருஷம் ரிடையர் ஆகப் போகிறார் என்று பேச்சு வந்தது. இங்கே வேலை செய்கிறவர்களில் பத்தாவது பாஸ் செய்தவர் யாராவது இருந்தால் அந்த இடத்தை அவருக்கே தரலாம் என்று நிர்வாகத்தில் சொன்னார்களாம். நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் அடுக்கும் வேலை. தண்ணியம்மா ஒன்பதாவது வரை படித்தவர் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டதும் இல்லை.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம். மறுநாள் பிராக்டிகல். வடிகட்டும் தாள் தீர்ந்துவிட்டது. மை ஒற்றும் பிளாட்டிங் பேப்பர் இருந்தால் வாங்கி வட்டமாக வெட்டிவை என்று கெமிஸ்ட்ரி சார் சொன்னார். ஆபீஸ் ரூமுக்குப் போனேன். கிளார்க்கம்மா இல்லை. வெளியே வெயில் மஞ்சளாகியிருந்தது. வேப்பமரத்தடிக்குப் போயிருக்கிறார் என்று புரிந்தது. பீரோ பூட்டியிருந்தது, மேசை இழுப்பறை பூட்டியிருந்தது. மேசைமேல் பேனாவும் ஒரு பிளாட்டிங் பேப்பரும் மட்டும். ஒரு தாள்தானே, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

லேபில் கத்தரிக்கோலை வைக்கும்போதுதான் பார்த்தேன். மை இன்னும் ஈரம். எழுத்தெல்லாம் திரும்பி விழுந்திருந்தது. அதை அப்படியே வெட்டியிருக்கலாம். ஒளி பாடத்துக்கு வைத்திருந்த கண்ணாடி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து எதிரே பிடித்தேன்.

தண்ணியம்மாவின் பெயர். ஹால் டிக்கெட்டில் தகப்பனார் இனிஷியல் தவறாக வந்திருக்கிறது, திருத்தித் தரவேண்டும் என்று பரீட்சை ஆபீஸுக்கு எழுதிய கடிதம். கீழே பரீட்சை நம்பர், போளூர் சென்டர்.

என் மனசு நிறைந்துபோனது. பொய் சொல்லவில்லை. குடத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அந்த அம்மா பத்தாவது எழுதுகிறார். தாளை வெட்டாமல் மடித்து என் டிராயரில் வைத்தேன். கெமிஸ்ட்ரி சாருக்கு வேறு இடத்தில் தாள் வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதம் நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். பானையில் தண்ணீர் மொண்டு குடிக்கும்போதெல்லாம் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரிப்பேன். "என்ன தம்பி, தண்ணியில ஏதாவது கிடக்குதா?" என்று பானைக்குள் எட்டிப் பார்ப்பார்.

ஜூனில் பள்ளி திறந்து, ரிசல்ட் வந்தது. எதிர் டீக்கடையில் பேப்பர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நான்தான் முதலில் பிடித்தேன். போளூர் சென்டர். விரலை வைத்துக்கொண்டே வந்தேன். இருந்தது.

பேப்பரோடு ஓடினேன். ஆசிரியர் அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "நம்ம தண்ணியம்மா பத்தாவது பாஸ் சார்" என்றேன். கணக்கு சார் நம்பவில்லை. நம்பரைக் காட்டினேன். அப்புறம் நடந்ததைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கணக்கு சாரே எழுந்துபோய்க் கிணற்றடியிலிருந்து அவரைக் கூட்டிவந்தார். புடவை நனைந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்றார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நுனியில் உட்கார்ந்தார். ஒருவர் கையில் காபி கொடுத்தார்.

"எங்களை எல்லாம் ஏமாத்திட்டியேம்மா. இனிமே உன்னைக் கேட்டுத்தான் ஃபைல் எடுக்கணும்" என்றார் கணக்கு சார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

தண்ணியம்மா எல்லார் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். யாருக்கும் தெரியாத விஷயம் எப்படி இத்தனை பேருக்குத் தெரிந்தது என்பது ஒரு பக்கம். பாஸ் என்கிறார்களே என்பது ஒரு பக்கம். முகத்தில் சிரிப்பு மெல்ல வந்துகொண்டிருந்தது.

"எந்த நம்பர் சார் போட்டிருக்குது?" என்றார்.

நான் நம்பரைச் சத்தமாகப் படித்தேன்.

வந்த சிரிப்பு பாதியில் நின்றது. கிளார்க்கம்மா அப்போதுதான் வாசலில் வந்து நின்றார். அறையைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தண்ணியம்மா வாயைத் திறப்பதற்குள், "சொல்லாதம்மா, எழுந்து வா" என்றார்.

"அது என்னுது இல்லீங்க சார்" என்றார் தண்ணியம்மா. "கடைசியில மூணு இல்ல. எட்டு."

எட்டின் இடது பக்கம் தாளில் சரியாக ஏறவில்லை. எனக்கு அது மூன்றாகத் தெரிந்திருக்கிறது.

கணக்கு சார் பேப்பரை என் கையிலிருந்து வாங்கினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வகுப்பில் கணக்குப் போடுகிற அதே குரலில் விரலால் படித்துக்கொண்டு போனார். "மூணு இருக்குது. நாலு, அஞ்சு இல்ல. ஆறு இருக்குது. ஏழு இருக்குது." ஒரு கணம் நிறுத்தினார். "ஒன்பது."

தண்ணியம்மா கையிலிருந்த காபியை என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. கிளார்க்கம்மா வந்து தம்ளரை வாங்கி மேசையில் வைத்து, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

அன்று மாலை கிளார்க்கம்மா என் லேப் வாசலுக்கு வந்தார். "அந்தத் தாள் எங்கே?"

எடுத்துக் கொடுத்தேன். அழுதுவிடுவேன் போலிருந்தது. "சந்தோஷத்துலதாம்மா சொன்னேன்" என்றேன்.

"தெரியும்ப்பா. நீ கெட்டவனா இருந்திருந்தா நான் உங்கிட்ட ஜாக்கிரதையா இருந்திருப்பேன்."

பிறகு அங்கேயே நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார். அடி அண்ணாமலையில் தபால்காரர் கடிதங்களை மளிகைக் கடையில் போட்டுவிட்டுப் போய்விடுவாராம், அதனால் ஹால் டிக்கெட் கிளார்க்கம்மாவின் வீட்டு விலாசத்துக்கு வந்தது. தெரிந்தவர்கள் கண்ணில் படவேண்டாம் என்று சென்டரைப் போளூருக்குக் கேட்டு வாங்கியது. பரீட்சை நடந்த ஆறு நாளும், இடுப்புக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்று தண்ணியம்மா வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போனது. "பாஸாகி இருந்தா அந்தப் பொய்யை வீட்டுக்காரர் சிரிச்சுக்கிட்டே மன்னிச்சிருப்பார். இப்போ அது வெறும் பொய். சாயங்கால பஸ்ஸுக்கு முன்னாடி சேதி போயிடும் ஊருக்கு."

"நான் போய் அவர்கிட்ட பேசட்டுமாம்மா?"

"நீ பேசினதெல்லாம் போதும்" என்றார். அதற்கும் குரலை உயர்த்தவில்லை. திரும்பிப் போகும்போது, "தாளை மேசையில விட்டுட்டுப் போனது நான்தான். பசிக்கு ஓடினேன்" என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன்.

அப்புறம் பொழுது சாயும் வேளையில் அவரை வேப்பமரத்தடியில் பார்க்கவில்லை. வேலை இழுத்தால் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார். பேச்சும் குறைந்துவிட்டது. யாராவது ஆபீஸ் ரூமுக்குள் கால் வைத்தால், "அங்கேயே நில்லுங்க, என்ன வேணும்?" என்று கேட்க ஆரம்பித்தார். தலைமையாசிரியரைக்கூட ஒருநாள் அப்படி நிறுத்திவிட்டாராம். முன்பு அவர் சொல்வதைக் கேட்கவே நாங்கள் வாசலில் நிற்போம். பிறகு வேலை இருந்தாலும் தள்ளிப்போட்டோம்.

தண்ணியம்மா மறுநாளும் வந்தார். வழக்கம்போல இருபது பானை. கன்னத்தில் ஒரு வீக்கம், குடம் இடித்துவிட்டது என்றார். ஆசிரியர் அறையில் யாரோ விளையாட்டாக ஆரம்பித்தது பிள்ளைகளிடம் பரவிவிட்டது. தண்ணியம்மா என்ற பெயர் போய், எட்டம்மா ஆகிவிட்டார். "எட்டம்மா, தண்ணி" என்று கூப்பிடும் குழந்தைக்கு அதன் அர்த்தம்கூடத் தெரியாது. ஒரு தடவை நான் ஒருவனை அதட்டினேன். "விடு தம்பி" என்று அவரே தடுத்தார். "உன்னாலதான் பேரு வந்துச்சு. நீயே எதுக்கு அதட்டறே?"

ஆடி மாதம் வரைக்கும் வந்தார். பிறகு வரவில்லை. தாய்வீட்டோடு போய்விட்டார், பெண்களையும் கூட்டிக்கொண்டு, என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் வேலையை விட்டு நிற்பதற்கு ஒரு வாரம் முன்பு, கிணற்றடியில் கிளார்க்கம்மா ஒரு நீளக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவரிடம் பேசிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். செப்டம்பர் பரீட்சைக்கு விண்ணப்பமாக இருக்கும். தண்ணியம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். கையெழுத்துப் போடத்தான் துடைத்தாரா, வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் துடைத்தாரா, நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. கிட்டே போக எனக்குத் தைரியமில்லை. ரெக்கார்ட் கிளார்க் இடத்துக்கு வெளியிலிருந்து ஒரு பையன் வந்தான்.

கிளார்க்கம்மா ரிடையர் ஆகி சில வருஷங்களுக்குப் பிறகு, மாவட்டம் பிரிந்த புதிதில், வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க வெளுத்திருந்தது. நல்ல பகல் வெயில். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். "லேபு, எப்படி இருக்கே?" என்றார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். பெரியவன் பாலிடெக்னிக் என்றேன்.

எட்டு ஒன்பது வருஷமாக வயிற்றில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "அம்மா, அவங்க எங்க இருக்காங்க?"

யார் என்று அவர் கேட்கவில்லை. "இருக்காங்க."

"உங்களுக்குக் கடுதாசி வருதா?"

"வெயில் ஜாஸ்தியா இருக்குது. இப்படி நிழலுக்கு வா."

நிழலுக்குப் போனேன். "வேற ஒண்ணும் வேணாம்மா. ஊரு பேரும் வேணாம். அந்த செப்டம்பர்ல எழுதினாங்களா, பாஸ் பண்ணாங்களா, அது மட்டும் சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"அது அவங்க சொல்லவேண்டியதுப்பா" என்றார்.

பஸ் வந்தது. ஏறுவதற்குக் கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டார். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். பாஸ் என்றால் கண்ணில் ஒரு சிரிப்பாவது, இல்லையென்றால் ஒரு பெருமூச்சாவது, வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் தப்பித்து வெளியே வந்திருக்கும். பஸ் கிளம்பும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை.